உப்பளத்துக் காலுக்கு எந்தச் சோப்பு?

உப்பளத்தில் வேலை முடித்துக் கையையும் காலையும் கழுவ உட்காருகிறவர்களுக்கு முதலில் எழும் குறை, சோப்பில் நுரை வரவில்லை என்பதுதான். கடைக்காரர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டார் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் சரக்கில் குறை இருக்காது. உப்பு கலந்த நீரில் சாதாரணச் சோப்பு கரையாது, அவ்வளவுதான்.

சோப்பு தயாராகும் முறையைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துக் கொதிக்கவைத்த பிறகு, அந்தக் கூழிலிருந்து கிளிசரினையும் மிச்ச நீரையும் பிரிக்க ஆலைகளில் உப்பைத்தான் கொட்டுகிறார்கள். உப்பு விழுந்ததும் சோப்பு நீரில் கரைந்து நிற்க முடியாமல் திரண்டு மேலே வந்துவிடும். காஸ்டிக் சோடாவும் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் கிடைக்கிறது. ஆக, ஆலையில் ஒரு கட்டிச் சோப்பு உருவாக உப்பு இரண்டு தடவை தேவைப்படுகிறது. அந்த உப்பை வாரிக் கொடுப்பவரின் காலில் உப்பு ஒட்டியிருக்கும்வரை அதே சோப்பு நுரைக்காது. உவர்க்கிணற்று நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் இன்னொரு தொல்லை. அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகித் தோலிலேயே தங்கிவிடும். கடின நீரில் கழுவும்போது கழுவுபொருள் தோலில் அதிகம் தங்கி எரிச்சல் உண்டாக்குவதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். உப்பள ஊரான மரக்காணம் பக்கத்துப் பெண்களுக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

மூலிகைச் சோப்புகள் தோலில் உள்ள பாக்டீரியாவைக் கொல்கின்றனவா என்ற கேள்வி இன்று ஊடகம், கல்லூரி ஆய்வகம், சந்தை என்று எல்லா இடங்களிலும் எழுகிறது. வேம்பு, மஞ்சள், குப்பைமேனி, கற்றாழை என்று அட்டையில் அச்சிட்ட சோப்புகள் சிற்றூர்க் கடைகளில்கூடத் தொங்குகின்றன. இந்தக் கேள்வியைப் பட்டணத்துக் குளியலறையில் வைத்துப் பார்ப்பதைவிட, மரக்காணத்து உப்பளத்தில் வைத்துப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. கிருமிக்கும் தோலுக்கும் சோப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு அங்கேதான் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக, 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன மரக்காணத்து உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்துத் தமிழகத்தில் பேர் சொல்லும் உப்பு ஊர் இது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது இங்கேதான். தெற்கே கழுவேலி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர்ப் பரப்பு. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து, களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் வேலை தொடங்கும். பிறகு நீர் பாய்ச்சி, அதன் உப்பு அடர்த்தி 24, 25 டிகிரிக்கு ஏறக் காத்திருந்து, உப்பு வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை இதுதான் வாழ்க்கை. இதில் பெரும்பங்கு பெண்களின் உழைப்பு.

இத்தனை மாதமும் கால் நிற்பது கடல்நீரைவிடப் பல மடங்கு அடர்ந்த உப்புநீரில். தோலின் ஈரத்தை அந்த நீர் உறிஞ்சிவிடும். பித்தவெடிப்பு ஆழமாகும். உப்புப் பரல் கீறும். விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வரும். வெடிப்பும் கீறலும் இருக்கும் காலோடு மறுநாள் விடியும் முன்பே திரும்பவும் பாத்தியில் இறங்க வேண்டும். ராஜஸ்தான் உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீரில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் தோல் உபாதை இருந்தது. கண் உபாதை 60 பேருக்கு மேல். தமிழக உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிறுநீரகப் பாதிப்பும் தென்பட்டது. தோலைப் பற்றிப் பேசும்போது சிறுநீரகம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நல்ல தண்ணீர்.

"உப்புத் தண்ணியில நிக்குற காலுல என்னா கிருமி இருக்கப்போவுது?" என்று யாரும் கேட்கலாம். அதில் ஒரு நியாயம் உண்டு. ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பது உப்பால்தானே! ஆனால் மனிதத் தோலில் புண்ணையும் கட்டியையும் சிரங்கையும் உண்டாக்குவதில் முதலிடம் வகிக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உப்புக்கு அஞ்சாத இனம். கடல்நீரில் உப்பு 3.5 விழுக்காடு. இந்தக் கிருமி 10 விழுக்காடு உப்பிலும் பெருகும். ஆய்வகங்களில் இதைப் பிற கிருமிகளிலிருந்து பிரித்துக் கண்டுபிடிக்கும் வழியே அதுதான்: 7.5 விழுக்காடு உப்பு சேர்த்த ஊடகத்தில் வளர்ப்பார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை வளராமல் போக, இந்த இனம் தழைக்கும். 1945-இல் சாப்மன் என்ற அறிஞர் வகுத்த இந்த முறை இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. 25 டிகிரி நீரில் இந்தக் கிருமியால் பெருக முடியாது என்பது உண்மை. ஆனால் அது குடியிருப்பது பாத்தியில் அல்ல, வெடிப்புக்குள். அங்கே வேர்வையும் ஊனீரும் உப்பின் அடர்த்தியைக் குறைத்துவிடுகின்றன. போட்டிக்கு வரும் மற்றக் கிருமிகளை உப்பு அடக்கிவைக்க, இது தாக்குப்பிடிக்கிறது.

பாத்தியில் நீர் முற்றும்போது இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, அதுவும் நுண்ணுயிர்தான். டூனாலியெல்லா என்ற பாசியும் உப்பில் மட்டுமே வாழும் சில நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. அவற்றால் மனிதருக்குத் தீங்கில்லை. அஞ்ச வேண்டியது நம் மூக்கிலும் அக்குளிலும் தோல் மடிப்புகளிலும் தங்கி, கீறல் கிடைத்ததும் உள்ளே இறங்கும் கிருமியைத்தான்.

இனி மூலிகைச் சோப்புக்கு வருவோம். தொழிலாளரின் தோல் நோயிலிருந்து பிறந்த சோப்பு ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1969-இல், சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தம்மிடம் வந்த ரயில்வே ஊழியர்களின் தோல் உபாதைகளுக்குக் குடும்ப வைத்திய முறைத் தைலம் கொடுத்துப் பார்த்து, பிறகு 18 மூலிகைகள் சேர்ந்த அந்த மருந்தையே வீட்டில் சோப்பாக்கினார். மெடிமிக்ஸ் அப்படித்தான் வந்தது. அதற்கு முன்பே 1940-இல் கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியர் சந்திரிகாவைத் தொடங்கியிருந்தார். கல்கத்தாவில் வேப்பெண்ணெய்ச் சோப்பான மார்கோ அதற்கும் மூத்தது. உழைக்கிறவரின் தோலைப் பார்த்து ஒரு மருத்துவர் சோப்பு காய்ச்சினார் என்பது மதிக்கத்தக்க மரபு. இன்றைக்கு ஆரோவில், புதுச்சேரிப் பக்கத்தில் சிறு கூடங்களில் கையால் சோப்பு செய்பவர்களும், மகளிர் குழுக்களில் சோப்பு பேஸை உருக்கி மூலிகைப் பொடி கலந்து அச்சில் ஊற்றுபவர்களும் அந்த மரபின் பேரில்தான் விற்கிறார்கள்.

கிருமியைக் கொல்கிறது என்ற உரிமைகோரல் எப்படிச் சோதிக்கப்படுகிறது? தமிழகத்து நுண்ணுயிரியல் துறைகளில் முதுகலை மாணவர்கள் இதை ஆண்டுதோறும் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சிறு குழி வெட்டி, கரைத்த சோப்பை ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு எதிராக வட்டம் பெரிதாகவும், ஈ.கோலைக்கு எதிராகச் சிறிதாகவும் வரும். ஈ.கோலை வகைக் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதே காரணம். இந்தச் சோதனையில் தவறில்லை. அதன் முடிவை எடுத்துக்கொண்டு அட்டையில் 'கிருமிகளை அழிக்கும்' என்று அச்சிடுவதில்தான் தவறு. தட்டில் சோப்பு ஒரு நாள் முழுக்கக் கிருமியோடு இருக்கிறது. தோலில் அரை நிமிடம் இருந்தால் அதிகம். சோப்பின் காரத்தன்மை pH அளவில் 9 முதல் 10 வரை. அந்தக் காரமே வட்டம் போடப் போதும். மூலிகை சேர்க்காத அதே சோப்பைப் பக்கத்துக் குழியில் ஊற்றி ஒப்பிட்டால்தானே மூலிகையின் பங்கு எவ்வளவு என்று தெரியும்? அந்த ஒப்பீடு இல்லாத ஆய்வேட்டை வழிகாட்டிகள் ஏற்கவே கூடாது என்பேன்.

மூலிகைக்குச் சோப்புக்குள் என்ன நேர்கிறது என்பதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்பைத் தேய்த்தால் கறை சட்டென்று சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாவதும் ஆரத்தித் தட்டின் சிவப்பும் இதே வினைதான். மஞ்சளின் குர்குமின் காரத்தில் உருமாறி, விரைவில் சிதைந்துபோகிறது. அதாவது, மஞ்சளுக்கு மருந்துக் குணம் தரும் பொருள் சோப்புக்குள் இருப்புக்கொள்வதில்லை. மஞ்சள் சோப்பில் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் நிறம் பல வேளைகளில் சாயம். வேம்பின் கசப்புப் பொருட்கள் மஞ்சள் அளவுக்குப் பலவீனமானவை அல்ல. வேப்பெண்ணெயைச் சோப்பாக்கும்போது ஒரு பகுதி தப்பி நிற்கும். ஆனால் ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோ சாறு சேர்த்த சோப்பில், நீர் பட்டு நுரைத்து வழிந்தோடிய பின் தோலில் எவ்வளவு மிஞ்சும்? தாவரம் கிருமியைக் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. தேயிலை மர எண்ணெயை 10 விழுக்காடு களிம்பாகவும் 5 விழுக்காடு உடல் கழுவியாகவும் கொடுத்து, மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றிய 224 நோயாளிகளிடம் இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2004-இல் வெளியான அதன் முடிவில், வழக்கமான மருந்தில் 49 விழுக்காட்டினரிடமும் தேயிலை மர எண்ணெயில் 41 விழுக்காட்டினரிடமும் கிருமி நீங்கியிருந்தது. அளவு சொல்லி, ஆளை வைத்துச் சோதித்தால் தாவரமும் மருந்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நம் சோப்பு அட்டைகளில் இலையின் படம் பெரிதாக இருக்கிறது. அளவைத் தேடினால் பின்பக்கப் பொடி எழுத்தில் கிடைத்தால் உண்டு.

சோப்பில் உண்மையாகவே வேலை செய்யும் தாவரம் எது என்று கேட்டால், நான் எண்ணெயைக் காட்டுவேன். அதிலும் தேங்காய் எண்ணெயை. அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். இயற்கையில் கிடைக்கும் நிறைவுற்ற கொழுப்பமிலங்களில் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளை அதிகம் தாக்குவது இதுவே என்று 1972-இல் ஜான் கபாரா குழுவினர் காட்டினர். முகப்பருக் கிருமி மீதும் இது வேலை செய்வதை 2009-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் நிறுவினர். ஃபிலிப்பைன்ஸில் தோல் அழற்சி நோயாளிகளிடம் தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் தடவி ஒப்பிட்ட ஆய்வு 2008-இல் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவியவர்களில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்த 20 பேரில் சிகிச்சைக்குப் பின் ஒருவரிடம் மட்டுமே அது மிஞ்சியது. ஆலிவ் எண்ணெய்க் குழுவில் 12 பேரில் 6 பேரிடம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தலையில் தேய்க்க நம் வீட்டு அலமாரியில் இருக்கும் எண்ணெயைப் பற்றிய ஆய்வு அது.

உப்பளத்துக்குப் பொருத்தமான செய்தி இனிமேல்தான் வருகிறது. தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய சோப்பு உப்புநீரிலும் நுரைக்கும். லாரிக் அமிலத்தின் சங்கிலி குட்டையானது என்பதால், அதன் சோப்பை உப்பு அவ்வளவு எளிதில் திரளவைக்க முடியாது. நன்னீரைச் சிக்கனமாகப் பங்கிட்ட காலத்தில் கப்பல் மாலுமிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அதற்குக் கடற்சோப்பு என்றே பெயர் இருந்தது. பாமாயில் அல்லது விலங்குக் கொழுப்பில் ஆகும் வழக்கமான குளியல் சோப்பில் தேங்காய் எண்ணெயின் பங்கு சிறியது. அதனால் மரக்காணத்தில் ஒருவருக்குச் சோப்பு வாங்கித் தர நினைப்பவர், அட்டையில் எந்த மூலிகை என்று பார்ப்பதைவிட எந்த எண்ணெய் என்று பார்ப்பது பயன்தரும். 25 டிகிரி நீரில் எதுவுமே நுரைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உவர்க்கிணற்று நீருக்கும் கடல்நீருக்கும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு ஈடுகொடுக்கும். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஆன சோப்பு தோலைச் சற்று அதிகமாகவே உலர்த்தும் என்பதால், கழுவித் துடைத்த பிறகு வெடிப்பில் அதே எண்ணெயைத் தடவிக்கொள்வது நல்லது. ஆறாத புண்ணும் சீழும் வேறு விஷயம், அதிலும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு. அவர்கள் எந்தச் சோப்பையும் நம்பிக் காத்திருக்காமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

சோப்பு கிருமியைக் கொன்றுதான் ஆக வேண்டுமா? இதற்குக் கராச்சியிலிருந்து கிடைத்த விடையைவிடத் தெளிவானதை நான் படித்ததில்லை. அந்த நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் ஸ்டீஃபன் லூபி குழுவினர் சில வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பும், சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பும் கொடுத்துக் கைகழுவும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். 2005-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. சாதாரணச் சோப்பு கொடுத்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா 50 விழுக்காடு குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடும், தோலில் பாக்டீரியாவால் வரும் சிரங்கு 34 விழுக்காடும் குறைந்தன. கிருமிநாசினி சோப்பு கொடுத்த வீடுகளில் இதைவிடக் கூடுதல் பலன் ஏதும் இல்லை. கிருமியைத் தோலிலிருந்து பிரித்து நீரோடு அனுப்புவதே போதுமானதாக இருந்தது. 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்களைச் சோப்பிலிருந்து விலக்கியபோதும் இதே காரணத்தைத்தான் சொன்னது. வெறும் சோப்பையும் நீரையும்விடக் கூடுதல் பலன் உண்டென்று நிறுவனங்களால் நிரூபிக்க முடியவில்லை. மூலிகைச் சோப்பு விற்பவர்கள் இந்தத் தடையைத் தங்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ட்ரைக்ளோசானிடம் கேட்ட கேள்வி வேம்பிடமும் கேட்கப்பட வேண்டும். வெறும் சோப்பைவிட நீ எந்த அளவுக்கு மேல் என்று காட்டாதவரை, கிருமி ஒழிப்பு என்ற சொல்லை அட்டையில் அனுமதிக்கக் கூடாது.

எல்லா பாக்டீரியாவையும் ஒழிப்பது தோலுக்கு நல்லதும் அல்ல. 1938-இலேயே பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் தோலின் கிருமிகளை இரண்டாகப் பிரித்தார்: நிரந்தரக் குடிகள், வந்துபோகிறவை. நிரந்தரக் குடிகளில் ஒன்றான ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸின் சில வகைகள், கெடுதல் செய்யும் ஆரியஸை விரட்டும் பொருட்களைத் தாமே சுரக்கின்றன. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது. pH அளவில் ஏறத்தாழ 5. சோப்பின் காரம் அந்த நிலையைச் சில மணி நேரத்துக்குக் குலைத்துவிடும். இந்த விஷயத்தில் நம் முன்னோர் கையாண்ட பூந்திக்கொட்டைக்கும் சீயக்காய்க்கும் ஒரு மேன்மை உண்டு. அவற்றின் நுரை சபோனின் என்ற பொருளால் வருவது. அதில் காஸ்டிக் சோடா இல்லை, காரமும் இல்லை. கால்சியத்தோடு சேர்ந்து படியும் குணமும் அதற்குக் கிடையாது. தோலின் அமிலத்தைக் கெடுக்காமல் எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கும். நல்ல தண்ணீர் கிடைக்காத கடற்கரை ஊர்களில் பூந்திக்கொட்டைக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதுச்சேரி, விழுப்புரம் கல்லூரிகள் ஆராய்ந்தால் அது நாட்டுக்குப் பயன்படும் ஆய்வாக இருக்கும். அகார் தட்டு வட்டங்களை அளந்தது போதும். காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் மரக்காணத்துக் கிணற்று நீரில் கரைத்து, அரை நிமிடத் தொடர்பில், மூலிகை சேர்க்காத சோப்பையும் பக்கத்தில் வைத்து, உப்பளத் தொழிலாளர்களின் ஒப்புதலோடு அவர்கள் காலிலேயே சோதிக்கட்டும்.

காலைக் கழுவுவது எவ்வளவு பெரிய மருத்துவம் என்பதை இந்தக் கடற்கரை மறந்திருக்காது. யானைக்கால் நோய் பரவலாக இருந்த பகுதி இது. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம் அந்த நோயைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறது. வீங்கிய காலில் அடிக்கடி காய்ச்சலோடு வரும் தாக்குதல்களுக்குக் காரணம், விரலிடுக்கு வழியாக நுழையும் பாக்டீரியா. தினமும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, இடுக்குகளை உலரத் துடைத்தாலே அந்தத் தாக்குதல்கள் குறைவதைக் கேரளத்தின் ஆலப்புழையில் நடத்திய பாதப் பராமரிப்பு ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைக்கிறது. சேற்றுப்புண்ணுக்கும் இதே கதைதான். அது பெரும்பாலும் பூஞ்சையில் தொடங்கும். பூஞ்சை திறந்துவிட்ட வழியில் பாக்டீரியா வரும். விரலிடுக்கை உலரவைக்காமல் எந்த வேப்பஞ்சோப்பைப் போட்டாலும் அது ஆறாது.

ஆகவே மரக்காணத்துக்கு முதல் தேவை, பாத்திக்கு எட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர். இது கருணை கேட்பதல்ல. 1961-இல், ஆர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில், உப்பளமும் தொழிற்சாலையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சுவரும் கூரையும் இல்லாத வெட்டவெளி எப்படித் தொழிற்சாலையாகும் என்ற வாதம் எடுபடவில்லை; கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான் என்றது நீதிமன்றம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தொழிலாளர்கள் கழுவிக்கொள்ளப் போதுமான, தகுந்த வசதி செய்துதர வேண்டும் என்றது. அதன் இடத்தில் வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் கழுவும் வசதி இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இவை ஆளெண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு பொருந்தும் சட்டங்கள். பாத்திகள் சிறு சிறு குத்தகைகளாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் பொறுப்பு எளிதாக நழுவிவிடும். அதனால் குத்தகை ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும். குடிக்கவும் கழுவவும் தனித்தனித் தொட்டிகள், நிழலில் ஒரு கழுவுமிடம், பெண்களுக்கு மறைவுள்ள இடம், முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி, கையுறை, கறுப்புக் கண்ணாடி. இவற்றுக்குப் பிறகுதான் சோப்பு.

தமிழக அரசு வேலையில்லாத மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல முடிவு. வேலை இருக்கும் மாதங்களில் அவர்களின் தோலைக் காப்பதும் அதே அக்கறையின் தொடர்ச்சியாக இருக்கலாம். விழுப்புரம் மாவட்டத்து மகளிர் குழுக்களைக் கொண்டே தேங்காய் எண்ணெய்ச் சோப்பு செய்வித்து உப்பளங்களுக்கு வழங்கலாம். சோப்பு செய்யத் தெரிந்த கைகள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அதில் வேப்பிலையின் படம் போடத் தேவையில்லை. எண்ணெயின் அளவையும் டி.எஃப்.எம். என்னும் மொத்தக் கொழுப்பு அளவையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டால் போதும். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; குளியல் கட்டி என்ற பெயரில் விற்பதற்கு 40 விழுக்காடே போதும். ஏழைகள் வாங்கும் கட்டிகள் எந்த வகை என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

வாசகர்கள் அடுத்த தடவை சோப்பு வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உப்பு ஆணையரகமும் தொழிலாளர் துறையும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகமும் ஒன்றைச் செய்யட்டும்: வரும் தை மாதம் பாத்தி மிதிக்கத் தொடங்கும் முன், மரக்காணத்தின் ஒவ்வொரு உப்பளத்திலும் கால் கழுவ ஒரு நன்னீர்க் குழாய் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, இல்லாத இடத்தில் போட்டுக்கொடுங்கள்.